மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் நூலகம்

புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் அனுபவம் கேட்பது, பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் பஸ் ஏறுவது மாதிரி. ஏறிவிடலாம், எங்கே இறக்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. சாதனைகளைச் சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தாளில் நிறைய இடம் மிச்சமிருந்தது. ஆகவே நான் செய்த தவறுகளில் பெரியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பிரிவில்தான் போட்டி கடுமையாக இருந்தது.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் ஜி.எஸ்.டி. ரோடு என்று இரண்டு இரைச்சல்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட ஒரு தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அந்த ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் நான்.

அந்த வருடம் எங்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற வரிசையில்தான் மொழி வரும். காதும் வாயும் பழகினால் கண்ணும் கையும் பின்னாலேயே வந்துவிடும் என்றார்கள். கேட்டல் திறனைப் பற்றிப் பயிற்சியாளர் பத்து நாளும் பேசினார். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கியே போனேன். ஆனாலும் திரும்பி வந்தபோது, வண்டலூர் வரைக்கும் கேட்டல் திறனுக்கு நான்தான் அத்தாரிட்டி என்ற நினைப்போடு வந்தேன். நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்தைந்து நிமிடம், பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதன் அவசியத்தைப் பற்றி நானே பேசினேன். மிச்ச ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்றார்கள். பேசுதலும் முடிந்தது என்று பாடக்குறிப்பேட்டில் டிக் அடித்தேன்.

பேசுதல் என்றால் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் பேச்சுப்போட்டி. நான் மாணவனாக இருந்தபோது மைக்கைப் பிடித்துக் கத்தி நாலைந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன். நான் எழுதிக் கொடுப்பேன். பிள்ளை மனப்பாடம் செய்யும். எந்த வரியில் வலது கையை உயர்த்துவது, எந்த வரியில் மார்பைத் தட்டுவது என்பதைச் சிவப்பு மையில் குறித்துத் தருவேன். பத்து வயதுப் பிள்ளை "என் அறுபது ஆண்டு அனுபவத்தில்" என்று முழங்கியதுகூட உண்டு. அந்தக் குறிப்பை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. கூட்டம் கை தட்டியது.

இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த பொக்கிஷம் எஸ்தர். அவளுடைய அம்மா பெருங்களத்தூர் நிறுத்தத்தில் தெற்கே போகும் பஸ்களுக்கு வெள்ளரிப் பிஞ்சு விற்றாள். ஓடுகிற பஸ்ஸின் டிரைவரே திரும்பிப் பார்க்கும் குரல். அந்தக் குரல் மகளுக்கும் வந்திருந்தது. அதைவிட அதிசயம் அவள் காது. ஒரு பாடத்தை நான் ஒரு முறை வாசித்தால், மறுநாள் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வசனம் ஒப்புவிப்பதிலும் அவளுக்குத்தான் பரிசு. வகுப்பில் புத்தகத்தைப் பிரித்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டி, கணீரென்று படிப்பாள். நோட்டில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மற்ற ஆசிரியர்களை அழைத்து வந்து காட்டுவேன். "பாத்தீங்களா? கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். நாலும் ஒரே பிள்ளைகிட்ட." அவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்கள். நான் டம்ளர் வாங்கிய காலத்துக்கே போய்விடுவேன்.

பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் எஸ்தர் வட்டாரத்தில் ஜெயித்தாள். அடுத்தது குரோம்பேட்டையில் பெரிய போட்டி. ஐந்து தலைப்புகளை முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள்: மரம் வளர்ப்பு, நூலகம், சுற்றுப்புறத் தூய்மை, சாலை விதிகள், தேசிய ஒருமைப்பாடு. மேடையில் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். சீட்டில் இருக்கும் தலைப்பைச் சொல்லிப் பேச வேண்டும். ஐந்தையும் எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஐந்தும் தயார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, நூலகப் பேச்சில் ஒரு பத்தியை மாற்றி எழுதி அவளிடம் கொடுத்து, "இதைத் தனியா உக்காந்து படிச்சுட்டு வந்து பேசு" என்றேன். கால்மணி நேரம் கழித்து வந்து பழைய பத்தியையே பேசினாள். திரும்ப அனுப்பினேன். திரும்பவும் பழையது. மூன்றாம் முறை கத்திவிட்டேன். எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் தேவிதான் எழுந்தாள்.

"சார், அதுக்குப் படிக்க வராது சார்."

"எதுக்கு?"

"எஸ்தருக்கு சார். நாங்க படிச்சு சொல்லுவோம், அது புட்ச்சிக்கும்."

"போர்டுல இருக்கறதை எழுதறாளே?"

"அது வரையறது சார். கோலம் மாதிரி."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து சார்."

"ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

தேவி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பேசிக்கினே இருந்தீங்க சார்."

விசாரித்ததில் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. சத்துணவு ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. நாலாம் வகுப்பு ஆசிரியருக்குச் சந்தேகம் இருந்ததாம். ஆனால் நான் அவ்வளவு பெருமையாகக் காட்டியபோது சொல்ல மனசு வரவில்லையாம். அந்த வகுப்பறையில் தெரியாத ஒரே ஆள், கேட்டல் திறனுக்கு அத்தாரிட்டி.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல காது உள்ள பிள்ளைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு எழுத்தே தேவைப்படாது. திணறுகிற பிள்ளை நம்மை எச்சரிக்கும். கணீரென்று ஒப்பிக்கிற பிள்ளை நம்மைத் தூங்க வைத்துவிடும். நான் ஏற்கெனவே தூங்குவதில் தேர்ந்தவன்.

நியாயமான ஆசிரியர் அன்றைக்கே போட்டியிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்றிருப்பார். நான் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் நல்ல மனுஷி. நான் வாயைத் திறப்பதற்குள், "சார், எஸ்தர் ப்ரைஸ் வாங்கப் போறா, எல்லா பேரன்ட்ஸுக்கும் சொல்லியாச்சு. ஷீ இஸ் அவர் பிரைடு!" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. நெருக்கடியில் உதிக்கும் யோசனைகளை ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள் என்பது என் இரண்டாவது அறிவுரை. நான் ஆறப்போடவில்லை.

யோசனை இதுதான். ஐந்து பேச்சும் அவளுக்கு மனப்பாடம். சீட்டில் எது வந்தது என்று தெரிந்தால் போதும். சீட்டை எடுத்ததும் கூட்டத்தைப் பார்த்து உயர்த்திக் காட்டுவாள். "அவைத்தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே" என்று எல்லாரையும் விளித்து முடிக்க எப்படியும் ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து நான் படித்துச் சைகை காட்டுவேன். தலைமுடியைத் தொட்டால் மரம். மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் நூலகம். மூக்கைத் தொட்டால் தூய்மை. போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையைக் காட்டினால் சாலை விதி. இரண்டு கையையும் கோத்தால் ஒருமைப்பாடு.

"நான் என்ன காட்டறேனோ அதைப் பேசணும். வேற எங்கயும் பாக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றாள் எஸ்தர். அவளுக்கு உண்மையிலேயே புரிந்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

குரோம்பேட்டைப் பள்ளியின் அரங்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு பிரமுகர், மூன்று நடுவர்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கீச்சிடும் மைக். தலைக்கு மேலே, மீனம்பாக்கத்தில் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போகும் விமானங்கள். எஸ்தரின் முறை வந்தது. சீட்டை எடுத்தாள். இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, "அவைத்தலைவர் அவர்களே!" என்று தொடங்கினாள்.

எழுத்து பொடியாக இருந்தது. சரியாகத் தெரியவில்லை. தெரியாவிட்டால் மூக்குக்கண்ணாடி போட்ட மனிதன் என்ன செய்வான்? கண்ணாடியைத் தூக்கிச் சரிசெய்தேன்.

"நூலகம் என்பது அறிவின் ஆலயம்!" என்றாள் எஸ்தர்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு எழுத்து தெளிந்தது. மரம் வளர்ப்பு. பதறிப்போய்த் தலைமுடியைப் பிடித்தேன். அவள் மூச்சு வாங்கவில்லை.

"அந்த ஆலயத்தைச் சுற்றி நாம் மரம் நட வேண்டும்! மரம் மழை தரும், மரம் நிழல் தரும்!"

அப்பாடா என்று இருந்தது. முகமெல்லாம் வியர்வை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன்.

"அந்த நிழலில் நாம் குப்பை கொட்டலாமா? சாக்கடையை மூடி வைக்க வேண்டாமா?"

வேண்டாம், நிறுத்து என்று சொல்ல நினைத்தேன். நிறுத்தச் சொல்ல மனிதர்களுக்கு இருக்கும் வழி ஒன்றுதான். உள்ளங்கையைக் காட்டினேன்.

"சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும்!"

பக்கத்து நாற்காலி ஆசிரியர் என்னைக் கவலையோடு பார்த்து, "சார், உடம்புக்கு ஏதாச்சும்..." என்றார். கடவுளே என்று இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன்.

"காஷ்மீரிலிருந்து வரும் லாரியும் கன்னியாகுமரியிலிருந்து வரும் பஸ்ஸும் ஒரே சாலையில்தான் போகின்றன! நாம் அனைவரும் ஒரு தாய் மக்கள்! நன்றி, வணக்கம்!"

கூரை அதிர்ந்தது. நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒவ்வொரு பேச்சையும் மற்றவற்றோடு மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாதபடி நான் எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் பரிசு எஸ்தருக்கு. பிரமுகர் மைக்கைப் பிடித்தார். "ஒரு மரத்தைக் கேட்டோம். இந்தக் குழந்தை ஒரு தோப்பையே கொடுத்துவிட்டது!" பரிசாக ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தவர், அதோடு விட்டாரா? "அந்தத் தேன் குரலில் இதிலிருந்து நாலு வரி வாசிம்மா, கேட்போம்."

எஸ்தர் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இதற்கு என்னிடம் சைகை எதுவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் மைக்குப் பக்கம் திரும்பினாள்.

"எனுக்குப் படிக்க வராது சார். அதோ எங்க சார் கைய காமிச்சிகினு இருந்தாரு, நான் பேசினேன்."

அரங்கமே சிரித்தது. "பாருங்கள், எவ்வளவு தன்னடக்கம்! வெற்றியைக் குருவின் காலடியில் வைக்கிறது குழந்தை!" என்று பிரமுகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

மேடையில் அதுவரை அவள் பேசியதெல்லாம் நான் எழுதியது. இந்த இரண்டு வாக்கியம்தான் அவளுடையது. அரங்கு நிறைய ஆசிரியர்கள். ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. ஏறிய ஒரே ஆள் நான். பேசாமல் உட்கார்ந்திருந்தால் எங்கள் பள்ளிக்குப் பரிசு, எனக்குப் பெயர்; அவள் இந்தக் கை தட்டலோடே ஆறாம் வகுப்புக்குப் போய், அங்கேயும் படிக்க வராதது யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். எழுந்தேன்.

துணிச்சலாக எழுந்தேனே ஒழிய, பழக்கம் விடவில்லை. "அவையோர்களே!" என்று ஆரம்பித்தேன். நன்றியுரை என்று நினைத்துப் பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்துவிட்டது. "அந்தக் குழந்தை சொன்னது சத்தியம்" என்றேன். அந்த நேரம் பார்த்து விமானம் போயிற்று. மறுபடியும் சொன்னேன். மைக் கீச்சிட்டது. கடைசியில் மேடையேறி, மூத்த நடுவரின் காதில் குனிந்து, ஐந்து சைகைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அவர் முகம் மாறியது. பரிசு வேறொரு பள்ளிக்குப் போயிற்று. தடித்த புத்தகத்தை எஸ்தர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ் சானடோரியம் நிறுத்தத்தைத் தாண்டியபோது எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னப்போ சிரிச்சாங்க. நீங்க சொன்னதும் புடுங்கிக்கினாங்க" என்றாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பெருங்களத்தூரில் அவள் அம்மா கூடையோடு நின்றிருந்தாள். நடந்ததைச் சொல்லி, உங்கள் பெண்ணுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று மென்று விழுங்கினேன்.

"உனுக்கு இப்பத்தான் தெரியுமா சார்? எனுக்கு நாலு வருசமா தெரியும். வாத்தியாருக்குத் தெரியாமயா இருக்கும்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

"ஆறாம் வகுப்புக்குள்ள சரி பண்ணிடலாம்மா."

"ஆறாவதா? படிக்க வராத பொண்ணு பெரிய ஸ்கூல்ல குந்திகினு இன்னா பண்ணும்? இங்க வந்து கூவினா ரெண்டு கூடை போவும். இத்தினி நாளு நீ கத்துக் குடுத்தது கூவறதுக்குத்தானே?"

இவ்வளவு துல்லியமாக என் வேலையை எந்த ஆய்வு அதிகாரியும் மதிப்பிட்டதில்லை. நான் கெஞ்சியதில் அவள் ஒரு கெடு வைத்தாள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில் அவளே வருவாள். எஸ்தர் அவள் கண் முன்னால் எதையாவது படிக்க வேண்டும். "மனப்பாடம் வேணாம். தானா படிக்கணும். இல்லாங்காட்டி அன்னிக்கே கூட்டிகினு போயிடுவேன்."

மூன்று மாதம் இருந்தது. பாடப்புத்தகம் உதவாது, முழுவதும் அவள் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாள், "பஸ் ஸ்டாப்புல நேத்து என்ன நடந்தது, சொல்லு" என்றேன். சொன்னாள். விழுப்புரம் பஸ் கண்டக்டர் பிஞ்சைக் கடித்துவிட்டு, கசக்கிறது என்று திருப்பிக் கொடுத்தானாம். இவள் அம்மா ஓடுகிற பஸ்ஸோடு கூட ஓடித் திட்டினாளாம். அதைக் கரும்பலகையில் எழுதிப் படித்துக் காட்டினேன்: "நடத்துநரின் செயல் கண்டு என் அன்னை சினமுற்றாள்."

"நான் இப்டி சொல்லலியே சார்" என்றாள் எஸ்தர். "யாரு சார் அது அன்னை?"

அழித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். எழுத எழுத விரலை வைத்துப் பார்த்தாள். எது "கண்டக்டர்", எது "கசக்குது" என்று கேட்டாள். தன் வாயிலிருந்து வந்தது சுவரில் நிற்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். மறுநாள் முப்பத்தெட்டுப் பேரும் சொல்ல வந்துவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறவன் ஆனேன். முதல் வாரம் தொண்டை அரித்தது.

ஒரு நாள் தலைமையாசிரியை வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். "சார், வாட் இஸ் திஸ்? 'இன்னா கீது'ன்னு போர்டுல எழுதியிருக்கு!"

"எஸ்தரோட பாடப்புத்தகம் மேடம்."

"இன்ஸ்பெக்டர் வந்தா அழிச்சிடுங்க ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவரும் ஒரு நிமிடம் நின்று அந்தக் கண்டக்டருக்கு என்ன ஆயிற்று என்று படித்துவிட்டுத்தான் போனார்.

எஸ்தர் தடுக்கித் தடுக்கிப் படிக்க ஆரம்பித்தாள். முன்பு கணீரென்று வந்த குரல் இப்போது எலி மாதிரி முனகியது. வாழ்க்கையில் எந்தப் பிள்ளை திணறியும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பள்ளி மூடும் நாள். அவள் அம்மா சொன்னபடி வந்து, தலைமையாசிரியை அறையில் கூடையை இறக்கி வைத்தாள். நான் பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னேன்.

"இது அது சொன்னதுதானே சார்? அதுக்குத் தெரியும்."

பாடப்புத்தகத்தை எடுத்தேன். "அதுவும் மனப்பாடம்." அன்றைய செய்தித்தாளை எடுத்தேன். "காலைலேயே நீ சொல்லிக் குடுத்திருப்பே. உன்னிய எனுக்குத் தெரியும். நீயே இன்னும் படிக்காதது எதுனா குடு."

அறையைச் சுற்றிப் பார்த்தோம். மேஜைமேல் ஒரு பழுப்பு உறை இருந்தது. கல்வி அலுவலக ஆள் அப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனது, என் பெயருக்கு, ஒட்டியது ஒட்டியபடி. தலைமையாசிரியைக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். "சார், தட் இஸ் கான்ஃபிடென்ஷியல்" என்று உறையின் மேல் கையை வைத்தார். பழுப்பு உறையில் நல்ல சேதி வராது என்பது எனக்கும் தெரியும். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

கிழித்தாள். விரலை வைத்தாள்.

"தா... தாங்... தாங்கள்... பேச்சு... பேச்சுப் போ... போட்டியில்... மா... மாணவிக்கு... சை... சைகை..." நின்றாள். "சார், இது உங்களத்தான் சார்."

"தெரியுது. மேலே படி."

"சைகை காட்... காட்டி... போட்டியின்... மா... மாண்... மாண்பை..." அந்தச் சொல்லை மூன்று முறை முட்டினாள். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் வரிசையாக முளைத்துவிட்டன. தேவி உதவப் பார்த்தாள். எஸ்தரின் அம்மா ஒரு முறை முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாண்பைக் கு... குலைத்... தீர்கள். தங்... தங்கள்மீது... ஏன்... ஒழு... ஒழுங்கு... நட... நடவடிக்கை... எடுக்கக்... கூடாது?" கேள்விக்குறியைக்கூட விடவில்லை, அதற்குரிய இழுப்போடு படித்தாள். "ஏழு... நாளில்... விளக்கம்... தேவை."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலைமையாசிரியை எனக்காக வருத்தப்படுவதா, அவளுக்காகக் கை தட்டுவதா என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எஸ்தரின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி சார், ஒத்துக்கிறேன். இது மனப்பாடம் இல்ல" என்றாள். "நீ சொல்லிக் குடுத்திருந்தா உன்னப் பத்தி நல்லதால்ல வந்திருக்கும்."

பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பினாள். "ஆறாங் கிளாஸ்ல சேக்கறதுக்கு கைநாட்டை நான் எங்க வெக்கணும்மா?"